நன்றி அறிவிப்பு

எனக்கு டோஃபு பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த மொச்சைப்பால் கட்டியை விற்ற யுன் மோய்மீது எனக்கு ஏதோ வெறுப்பு இருந்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

மலாயா அரசின் தகவல் துறையில் நான் ஒலிபெருக்கி வண்டி அறிவிப்பாளன். முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட சீனக் கிராமங்களுக்குப் போய், கம்யூனிஸ்டுகளாகிக் காட்டில் துப்பாக்கியோடு திரியும் அவர்களுடைய பிள்ளைகளைச் சரணடையச் சொல்வது வேலை. நான் பினாங்கில் ஆங்கிலம் படித்தவன், வீட்டில் கான்டனீஸ். யுன் மோயின் ஊரில் பேசியதோ ஹக்கா என்ற வேறொரு சீன மொழி. வெள்ளைக்கார மேலதிகாரிக்குச் சீனன் என்றால் எல்லாரும் ஒன்றுதான்.

ஹக்காவில் 'சரணடை' என்பதன் முதல் அசையில் குரல் பிசகினால் அது மொச்சையாகிவிடும். நான் ஒலிபெருக்கியில் மொச்சை, மொச்சை என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"மொச்சைக்கா சார் காட்டப் பாத்துக் கத்துறீங்க? எங்க வீட்டுல மூட்டை மூட்டையாக் கெடக்கு, வந்து அள்ளிக்கிட்டுப் போங்க" என்றாள் யுன் மோய்.

ஊரே சிரித்தது. எதற்கென்று தெரியாமல் மேலதிகாரியும் சிரித்தார். அதன்பிறகு பல் போன கிழடுகள்கூட "மொச்சை சார் வந்தாச்சு" என்றுதான் வரவேற்றன. கையெழுத்துப் போடத் தெரியாத கும்பல்.

அரசுக்குத் துப்புச் சொன்னவர் யாரென்று தெரிந்தால் காட்டுக்காரர்கள் விசாரிப்பதில்லை, கொன்றுவிடுவார்கள். அதனால் உதவியவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காட்டுக்காரர்கள் சிலரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற மறுவாரம், அதே ஊரில் சுத்தமான ஹக்காவில் அறிவித்தேன்.

"யுன் மோய் அக்கா, நீங்க செஞ்ச உதவிக்கு அரசாங்கம் நன்றி சொல்லுது."

என்ன உதவி என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு டோஃபு கொடுத்ததும் உதவிதானே.

அவள் வண்டிக்கு ஓடிவந்தாள். "நான் ஒண்ணுமே பண்ணலையே சார். இல்லேன்னு இதுலயே சொல்லிடுங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கு சார்."

"அடக்கமெல்லாம் வேண்டாம் அக்கா" என்றேன். ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தேன்.

சில நாளில் வேலிக்கு வெளியே அவள் பிணம் கிடந்தது. அடுத்த கூட்டத்தில், ஏழைப் பெண்ணைக் கொன்ற பாவிகளைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். பலர் அழுதார்கள். கூட்டம் கலைந்ததும் அவள் மகள் எனக்குத் தேநீர் கொண்டுவந்தாள்.

"எங்கம்மாவுக்காக நீங்க ஒருத்தர்தான் பேசுனீங்க அண்ணே."

குடித்தேன். இந்த ஜனங்களுக்கு எதுவுமே புரியாது என்று நான் சொன்னால் மட்டும் கோபித்துக்கொள்கிறீர்கள்.