சாமி அலமாரியில் ஒரு பேய்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற பஸ்ஸில் முருகன் பேரை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பக்கத்துப் பெண்ணிடம், "எங்க ஊட்டுப் பேய சாமி அலமாரிலதான் ஒளிச்சி வெச்சிக்கீறேன்க்கா" என்றாள். எனக்கு முருகன் பாதியில் நின்றுவிட்டார்.

"இன்னாடி சொல்ற?"

"பேய்க்கதை புக்குக்கா. பதினாறு வயசுப் பொண்ணு ஒண்ணு பாழடைஞ்ச பங்களாவுல தனியா பேயோட மல்லுக்கட்டுது. பரிட்சை நேரத்துல எம்பொண்ணு அதப் படிச்சிகினு இருந்தா. முதுகுல ரெண்டு வெச்சிப் புடுங்கிட்டேன்."

"நல்ல வேலை செஞ்ச."

"எங்க? இப்ப நான்தான் படிக்கிறேன். ஊதுவத்தி கொளுத்தி வெச்சி, படத்துக்கு முன்னாடி நின்னுகினே படிக்கிறேன். எங்க ஊட்டுக்காரரு, இவளுக்கு பக்தி முத்திப்போச்சின்னு தெனம் பூ வாங்கியாறாரு."

அந்த அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. பூஜையில் என் மனசு எங்கெங்கே போகும் என்று முருகனுக்குத் தெரியும்.

"பேய் அந்தப் பொண்ணக் கெணத்துல தள்ளிடுச்சிக்கா. அதோட நிக்குது. நான் புடுங்கனப்ப கடைசிப் பக்கம் கிழிஞ்சி எம்பொண்ணு கையிலயே போயிடுச்சி. எனக்குத் தூக்கமே வரல."

"அவளக் கேட்டு வாங்கறதுதான?"

"கேட்டேன். அடிச்சதுக்கு மன்னிப்பு கேளு, தரேங்குறா."

"பெத்தவ போயி கேப்பாளா? நீ கேட்டியா?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூந்தமல்லியில் இறங்க எழுந்தபோதுதான் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு பொழைச்சிக்கிச்சிக்கா."