அண்ணி உள்ளே இருந்த எட்டு நாட்கள்

கதவைத் தட்டிவிட்டு வருகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும். நீங்கள் இரண்டு முறை தட்டினீர்கள். நான் ‘வாங்க’ என்று சொல்லும்வரை வெளியிலேயே நின்றீர்கள். விசாரணைக்கு வருகிறவர்களுக்கு அந்த அவசியம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனாலேயே உங்களிடம் எதையும் மறைக்கத் தோன்றவில்லை. உட்காருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் கம்பெனி செய்வது சாவித்துவாரம் இல்லாத பூட்டு. கதவுக்கு உள்பக்கம் ஒரு பித்தான், வெளிப்பக்கம் ஒரு பித்தான். எதை அழுத்தினாலும் பூட்டு தானாகத் திறந்துவிடாது. தொலைவில் இருக்கும் சர்வருக்கு ‘திறக்கலாமா?’ என்று ஒரு கோரிக்கை அனுப்பும். சர்வர் ‘சரி’ என்றால்தான் திறக்கும். கேட்கிற பக்கத்து நிரலை எழுதுவது நான். பதில் சொல்கிற பக்கத்தை எழுதுவது வேறொரு ஊரில் இருக்கிற ஒருவர். அவரை நாங்கள் சர்வர்காரர் என்போம்.

கேட்பது சுலபம். மறுக்கப்பட்டால் எப்படி நடந்துகொள்வது என்பதில்தான் எங்கள் வேலை முழுவதும் இருக்கிறது. சர்வருக்கு வேலை அதிகமாகிவிட்டால் 429 என்ற எண்ணை அனுப்பும். அளவுக்கு மீறிக் கேட்கிறாய், இத்தனை நொடி பொறு என்று அர்த்தம். பொறுக்காமல் மறுபடி கேட்டால் பொறுக்க வேண்டிய நேரம் இரட்டிப்பாகும். முப்பது நொடி, ஒரு நிமிடம், இரண்டு, நான்கு. எங்கள் தொழிலில் இதை ஒரு மரியாதையாகவே கருதுகிறோம்.

பூட்டு அந்த மரியாதையைக் கடைப்பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ‘என்னைக் கொஞ்சம் மறுங்கள்’ என்று நிஜ சர்வரிடம் போய் நிற்க முடியாது. ஆகவே லேப்டாப்பிலேயே ஒரு போலி சர்வர் செய்துகொள்வோம். அவசரப்பட்டால் இரட்டிக்கும், சொன்ன நேரம் பொறுத்திருந்து கேட்டால் ‘சரி’ சொல்லும். பூட்டில் இருக்கும் சர்வர் முகவரியை அழித்து லேப்டாப்பின் முகவரியை எழுதிவிட்டால் சோதனை ஆரம்பம். முடிந்த பிறகு பழைய முகவரியைத் திரும்ப எழுத மறந்துவிடுவதும் இந்த வேலையில் எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

சோதனைக்காகக் கம்பெனி இரும்புக் கதவையே அனுப்பியிருந்தது. மாடியில் என் வேலை அறைக்கு அதை மாட்டியிருந்தோம். ஒரு மேஜை, நாற்காலி, அலமாரி, ஒரு சோபா, ஒட்டினாற்போல் குளியலறை, உயரத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னல். கடிகாரம் கிடையாது. லேப்டாப்பிலேயே மணி தெரியும் என்பதால் நான் மாட்டவில்லை.

அண்ணி என்று நான் கூப்பிடுவது என் கணவரின் அக்காவை. ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம், அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் தலைமை ஆசிரியை. தனியாள். தன் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், வாடை ஒத்துக்கொள்ளாது என்று எங்களிடம் வந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்குப் பள்ளியில் பிரிவுபசார விழா. அந்த விழாவைப் பற்றித்தான் பேச்சே. என்ன உடுத்துவது, எந்த வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசை, யாரைப் பேசவிடக் கூடாது.

அண்ணிக்குக் கதவு என்பது தள்ளுவதற்கு இருக்கிற பொருள். கல்யாணமான முதல் வாரமே எங்கள் படுக்கையறைக்குள் வந்து, “தலையணை உறை மாத்தணும், எழுந்திருங்க” என்றார். எனக்கு வந்த கடிதங்களைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்வார். ஒருமுறை ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்த என் வீடியோ மீட்டிங்கில், என் முதுகுக்குப் பின்னால் போர்வையை உதறியபடி, “இவ பாத்திரத்தை ஊறப் போட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கா” என்றார். ‘என்ன பண்றே?’ என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் ‘சும்மாதானே இருக்கே’ என்று பதிலையும் அவரே சொல்லிவிடுவார். பதினோரு வருஷம். எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. பின்னணி தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

அந்த ஞாயிறு மாலை நான் கீழே சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு இருந்தேன். விழாவில் பேச வேண்டிய உரையை எழுத, என் அறைக்குள் போய்ப் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டிருந்தார் அண்ணி. கதவு சாத்திக்கொண்டது.

“ஏய், இது என்ன இப்படிப் பிடிச்சுக்கிச்சு?”

“பித்தானை அழுத்துங்க அண்ணி.”

“அழுத்தினேன். முப்பதுன்னு காட்டிட்டு அணைஞ்சு போச்சு.”

“முப்பது செகண்ட் பொறுத்து மறுபடி அழுத்துங்க.”

அவர் ஐந்து நொடி பொறுத்தார். நான் படியேறிப் போவதற்குள் ஒன்பது தடவை அழுத்தியிருந்தார். அழுத்த அழுத்த நேரம் கூடும் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து விளக்கினேன். “கதவா இது, இல்ல கணக்கு வாத்தியாரா?” என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஆறு தடவை. பதினைந்தாவது அழுத்தல் மாலை நான்கு ஐம்பத்தெட்டுக்கு. காத்திருக்க வேண்டிய நேரம் ஐந்து நாள், பதினாறு மணி, முப்பத்திரண்டு நிமிடம். அதாவது சனிக்கிழமை காலை ஒன்பதரை.

ஒரு கோரிக்கை தோற்றுப்போனால் நாங்கள் முதலில் பார்ப்பது அது எந்த முகவரிக்குப் போகிறது என்பதை. நானும் பார்த்தேன். லேப்டாப்பில் இன்னொரு ஜன்னலில் பதினைந்து வரிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் 429. அண்ணியை மறுத்துக்கொண்டிருந்தது என் சாப்பாட்டு மேஜைதான். ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அப்போது வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கவனித்தேன். டீயைக் குடித்துவிட்டு மாற்றலாம் என்று நினைத்தேன். சூடாக இருக்கும்போதே முழுக் கோப்பையையும் குடித்தேன். அது மிக நன்றாக இருந்தது.

கோப்பையைக் கீழே வைப்பதற்குள் என் கணவர் வந்துவிட்டார். அவர் தபால் ஆபீஸில் கவுன்டரில் இருக்கிறார். வாழ்நாளெல்லாம் பிறரைக் காத்திருக்கச் சொன்னவர். காத்திருப்பதில் அவருக்கு ஆழமான நம்பிக்கை உண்டு.

“என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

“சனிக்கிழமை ஒன்பதரைன்னு பதில் வருது.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கவனியுங்கள். யாரிடமிருந்து பதில் வருகிறது என்று அவர் கேட்கவில்லை. நேரே கதவுக்குப் போய், “அக்கா, சிஸ்டம் சொல்லுதுன்னா ஏதாவது காரணம் இருக்கும்” என்றார்.

“உன் சிஸ்டத்துல ரம்பத்தைப் போட,” என்றார் அண்ணி. “ஆளைக் கூப்பிட்டு அறுடா.”

மறுநாள் வெல்டிங் கடைக்காரர் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அரை மணி நேரம் சார், அறுத்து எடுத்துடலாம்” என்றார். அறுத்தால் பூட்டு திருடன் என்று நினைத்து நாலு பக்கமும் சுவருக்குள் கம்பியை இறக்கிவிடும், பிறகு ஒருகாலும் திறக்காது என்று சொன்னேன். அப்படி ஒரு வசதி இருக்கிறது. வேறு மாடலில். கணவர் அவரிடம் தணிந்த குரலில், “சர்வர் கோவிச்சுக்குமாம்” என்றார். வெல்டிங்காரர் ஏதோ பெரிய மனிதரின் பெயரைக் கேட்டதுபோலத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணியின் போன் ஹாலில் இருந்தது. அதைக் கதவிடுக்கில் தள்ளலாமா என்றார் கணவர். போன் உள்ளே போனால் அதன் சிக்னலும் ஒரு கோரிக்கையாகக் கணக்காகும் என்று சொன்னேன். அது உண்மை இல்லை. இதை நானாகவேதான் உங்களிடம் சொல்கிறேன். கணவரின் கைக்கடிகாரம் தடிமனாக இருந்ததால் இடுக்கில் நுழையவில்லை. “நேரம்தானே, நான் சொல்கிறேன் அண்ணி” என்றேன்.

அவரை நான் பட்டினி போடவில்லை. இடுக்கில் போகக்கூடிய தட்டையான உணவாக யோசித்து யோசித்துச் செய்தேன். ரொட்டித் துண்டு, ஆம்லெட், நீளவாக்கில் சீவிய வெள்ளரிக்காய். டீக்கு ஒரு ரப்பர் குழாய். சாயங்காலம் வேலை முடிந்ததும் படிக்கட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து பிழையைத் தேடினேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே தேடினேன். கோரிக்கையின் தலைப்பு வரிகளைச் சரிபார்த்தேன். அடையாளக் குறியீட்டை மாற்றிப் பார்த்தேன். அதே கோரிக்கையைக் கையால் அனுப்பி ஒப்பிட்டேன். எட்டுப் பக்கம் குறிப்பு எடுத்தேன். முகவரியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன்.

லேப்டாப் அணைந்தால் எண்ணிக்கை அழிந்துவிடும், அடுத்த அழுத்தலுக்கு வெறும் முப்பது நொடிதான் வரும். அதனால் அதை இன்வெர்ட்டரில் இணைத்துவைத்தேன். பாதியில் விட்ட சோதனையால் யாருக்கும் பயன் இல்லை. ஐந்து நாளுக்கு மேற்பட்ட காத்திருப்பை எங்கள் பூட்டு எதுவும் அதுவரை கடந்ததில்லை. பூட்டு மிகச் சிறப்பாக நடந்துகொள்கிறது என்று புதன்கிழமை கம்பெனிக்கு அறிக்கை அனுப்பினேன். பாராட்டி பதில் வந்தது.

உள்ளே அண்ணி மாறிக்கொண்டிருந்தார். திங்கள் முழுக்க அதட்டல். செவ்வாய் என் அலமாரியை அடுக்கினார், சத்தம் கேட்டது. வியாழக்கிழமை, “ஏம்மா, இருக்கியா? கொஞ்சம் பேசலாமா?” என்று கேட்டுவிட்டு, நான் ‘ம்’ சொல்லும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, “நாள் பூரா இந்த நாற்காலியிலயா உக்காந்திருக்கே? முதுகு என்னத்துக்கு ஆகும்? வெளிய வந்ததும் நல்லதா ஒண்ணு வாங்கித் தர்றேன்” என்றார். அன்று முகவரியை மாற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்போது மாற்றினால் அவர் அப்படிப் பேசிய முதல் நாளே கடைசி நாளாகவும் ஆகிவிடும். உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை, எழுதி முடித்த உரையை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நானும் கணவரும் படியில் உட்கார்ந்து கேட்டோம். வாழ்க்கையில் ஒரு தடவைகூட மேடையில் தனக்காக நின்றதில்லை, எப்போதும் மைக்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டு இறங்கியிருக்கிறேன், நாளைக்கு ஒரு நாள் இறங்க மாட்டேன் என்று முடித்திருந்தார். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

எப்படி வெளியே தெரிந்தது என்பது உங்களிடமே இருக்கிறது. திங்கட்கிழமை கணவர் என் குறிப்புகளில் சர்வர்காரரின் எண்ணைப் பார்த்து, கெஞ்சிக் கேட்கலாம் என்று போன் செய்திருக்கிறார். “உங்க வீட்டுப் பூட்டா? ஒரு வாரத்துக்கு மேல அங்கேர்ந்து ஒரு கோரிக்கைகூட எங்களுக்கு வரலையே சார்” என்று அவர் சொல்லியிருக்கிறார். கணவர் கீழே வந்து என் எதிரில் நின்றார். நான் அந்த வரியை மாற்றி, மாடிக்குப் போய்ப் பித்தானை அழுத்தினேன். நான்கு நொடியில் திறந்தது. அண்ணி இப்போது ஆஸ்பத்திரியில், கதவு வைத்த அறை வேண்டாம் என்று வராந்தாவில் கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறாராம்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது சனிக்கிழமையைப் பற்றி. ஒன்பதரைக்குத் திறந்திருக்க வேண்டிய கதவு ஏன் திறக்கவில்லை என்று. சொல்கிறேன்.

விடிந்ததிலிருந்து அண்ணி தயாராக இருந்தார். என் குளியலறையில் குளித்து, இருக்கிற உடையில் தண்ணீர் தெளித்துக் கையாலேயே நீவி, சோபா மெத்தைக்கு அடியில் வைத்துச் சுருக்கம் எடுத்திருந்தார். கணவர் ஒன்பது மணிக்கே காரில் ஏறி என்ஜினை ஓடவிட்டிருந்தார். பள்ளிக்கூடம் பதினைந்து நிமிட தூரம். “வந்துக்கிட்டே இருக்காங்க, பிள்ளைங்களை உக்கார வைங்க” என்று அவர் போனில் சொல்வது மாடிவரை கேட்டது. கதவருகில் நான் மட்டும் லேப்டாப்போடு நின்றேன்.

“நேரம் ஆயிடுச்சாம்மா?” என்றார் அண்ணி. “அழுத்தட்டுமா?”

மணி ஒன்பது இருபது. நிதானமாகப் பார்த்தேன், தவறாகப் படிக்கவில்லை.

“அழுத்துங்க அண்ணி” என்றேன்.

அழுத்தினார். பிறகு, “பதினோரு நாள்னு காட்டுதேம்மா” என்றார். கீழே கார் ஹாரன் ஒருமுறை அடித்தது. அவர் தரையில் உட்கார்வது தெரிந்தது. கதவில் சாய்ந்திருக்க வேண்டும், குரல் மிகப் பக்கத்தில் வந்தது.

“சரி விடு. மெஷினுக்கு என்ன தெரியும். நீ பாவம், ஒரு வாரமா இதோட மல்லுக்கட்டறே. உன் தப்பு இல்லம்மா.”

முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளின் குற்றங்களை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர் அவர். என் தப்பு இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.