இரண்டாவது இன்டர்ஃபேஸ்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது, இன்ஸ்பெக்டர் மேடம். "கால்ல சக்கரத்தைக் கட்டிண்டிருக்கேளா? செத்த ஒக்காருங்கோளேன்" என்று என் மனைவி கோமளம் அலுத்துக்கொள்வாள். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நடந்துகொண்டே சொல்கிறேன்.

அடையாறில் அந்த ஆஸ்பத்திரியின் சர்வர்களை ஆரம்பத்திலிருந்து பார்த்தவன் நான். ஸ்ரீவத்சன் என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். இதய வார்டின் யூனிக்ஸ் சர்வருக்கு இரண்டு இன்டர்ஃபேஸ், அதாவது நெட்வொர்க்குக்கு இரண்டு வாசல். ஒன்று ஆபீசுக்கு. மற்றது நோயாளிகளின் படுக்கையருகே இருக்கும் மானிட்டர்களுக்கு. யாருக்காவது துடிப்பு தப்பினால் அந்த வாசல் வழியாகத்தான் நர்சுகளின் மேஜையில் மணி அடிக்கும். மணி அடிக்காத வரை எல்லாரும் நலம் என்பது அங்கே பழக்கம்.

இந்த வருஷம் என் வேலையை ஒரு வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். லாவண்யா என்றொரு பெண் வந்தாள். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். "நீங்க ரிலாக்ஸ் பண்ணுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வழியனுப்பு விழாவுக்கு மாலைகூடச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் போனால் நாங்கள் என்ன செய்வோம் என்று ஒருத்தர், பேச்சுக்காவது, கேட்கவில்லை. வலித்தது. அதை ஒளிப்பானேன்.

நான் எதையும் அழிக்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸ் எந்த முகவரியோடு எழ வேண்டும் என்பது ஒரு ஃபைலில் இருக்கும். அந்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டால், இது வெறும் குறிப்பு என்று சர்வர் தாண்டிப் போய்விடும். நாங்கள் தினமும் போடுகிற குறிதான். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அந்த ஃபைலைத் திரும்பிப் பார்க்காது. அணைத்துத் திரும்பப் போடும்போதுதான் படிக்கும். லாவண்யா ஏதோ அப்டேட்டுக்காக அணைத்துப் போடப் போகிறாள் என்று தெரிந்துதான் அந்தக் குறியைப் போட்டேன்.

அன்று லீவு எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் காபி குடிக்கப் போனேன். குடிக்க ஓடவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது.

"சார், ரெண்டாவது இன்டர்ஃபேஸ் எழுந்திருக்கவே மாட்டேங்குது. வார்டுல சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்மா. வீணா பதறுவா. நான் வரேன்."

ஓட்டல் வாசலிலேயே ஆட்டோ நின்றது. நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. எத்தனை மாதம் கழித்து என்னைத் தேடுகிறார்கள், இன்னும் கொஞ்சம் தேடட்டுமே என்று தோன்றியது.

போய் அந்தக் குறியை எடுத்தேன். இன்டர்ஃபேஸ் எழுந்தது. எழுந்ததுமே மேஜையில் மணி அடித்தது. கதவு சாத்தியிருந்த ஓர் அறையின் மணி. உள்ளே முனியன், பட்டினப்பாக்கத்து மீனவர். நர்சுகள் ஓடினார்கள். பிரயோஜனமில்லை.

அவர் மனைவி கெங்கம்மா டீ தம்ளரோடு படியேறி வந்தாள். எதிரே நின்ற என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "டீ குட்ச்சிட்டு வாக்கா, நாங்க இங்கேர்ந்தே பாத்துக்கினு கீறோம்னு நர்ஸம்மா சொல்ச்சு நைனா. அத்த நம்பித்தானே கீய போனேன்" என்றாள். பாவமாகத்தான் இருந்தது.

அப்போது மேனேஜர் என் தோளைத் தட்டி, "நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஆகாது சார்" என்றார். பொய் சொல்லமாட்டேன், உள்ளே ஏதோ அடங்கியது. அன்று வீட்டில் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கோமளத்துக்கே ஆச்சரியம்.

கடைசியாக, லாவண்யா உங்களிடம் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நோயாளிகளை மேல்மாடி வார்டுக்கு மாற்றிய பிறகு சர்வரை அணைத்துப் போடலாம் என்றுதான் அவள் இருந்தாள். "எதுக்கும்மா காத்துண்டு? ரெண்டு நிமிஷ வேலை, நாளைக்கே பண்ணிடுங்கோ" என்று சொன்னவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள் மேடம். வார்டு காலியாக இருந்தால் என்னை யார் கூப்பிடுவார்கள்?