கேமரா முன்னால் பெரட்டு

ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“எங்கம்மா தோட்டத்துல விடியக்காலையில பெரட்டுக்கு வரிசையில நின்னு கங்காணிகிட்ட பேர் கொடுத்தது போதும்க்கா. நான் நிக்க மாட்டேன்.”

“தோட்டத்தையே வித்து, தாமான்னு வரிசை வரிசையா வீடு கட்டிட்டாங்க. இப்ப ஏதுலா பெரட்டு?”

இளையவள் போனைக் காட்டினாள். பள்ளி வேன்களில் பிள்ளைகளுக்கு இடம் பிடித்துத் தரும் செயலி ஒன்றைத் தனியாளாக உருவாக்குகிறாளாம். அவளைப் போலத் தனியாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான ஆன்லைன் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. சேர்வதா வேண்டாமா என்று இன்றே சொல்லியாக வேண்டும்.

“தினம் காலையில கேமரா முன்னால வந்து, நேத்து என்ன செஞ்சேன், இன்னைக்கு என்ன செய்வேன்னு ஒப்பிக்கணுமாம். இது பெரட்டு இல்லாம என்ன?”

“முதலாளி வேணாம்னுதான் வேலைய விட்ட, சரி. தனியா எவ்ளோ நாளைக்கு முட்டிக்கிட்டு இருப்ப? அங்க நாலு பேரு சொல்லிக் குடுப்பாங்கலா.”

“அதுக்குத்தான் சேர்றேன். காலையில மட்டும் வரமாட்டேன், செஞ்சு முடிச்சத வாரக் கடைசியில காட்டுறேன்னு எழுதியிருக்கேன்.”

“இடம் இல்லன்னுட்டா?”

அக்கா கேட்டு முடிப்பதற்குள் இளையவள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

“சொல்லட்டுமே. திங்கக்கிழமை என் செயலி வழியா மூணு வேன் பிள்ளைங்கள ஏத்துதுக்கா. பயிற்சிக்காரங்களக் கேட்டா அந்த வேனெல்லாம் ஓடப்போகுது?”