எந்தத் தோட்டம்?

சாயந்தரம் ஐந்தரை மணி. பேராதனைப் பல்கலைக்கழகக் கெம்பஸுக்குப் பின்னால் மலைக்கு ஏறும் ரோடு. இரண்டு பக்கமும் மரம்... ஒரு ஆள் இல்லை.

முக்தார், அந்த போன் வெளிச்சத்தை அணை. கரண்ட் போனால் போகட்டும். நடுவில் யாரும் கேள்வி கேட்கவும் வேண்டாம். கேள்வி கேட்டுக் கேட்டே ஒரு பிள்ளையின் வாழ்க்கை கெட்டுப்போன கதை இது. எனக்கு ஏற்கனவே எரிச்சல்.

நம்ம சுரேந்திரன் இருக்கிறானே, அவனுடைய அக்கா மகள் சுகந்தினி. பலாங்கொடைக்கு மேலே தேயிலைத் தோட்டம், லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பிராதான் வீடு. அப்பா இல்லை. அம்மா இலட்சுமி கொழுந்து எடுத்துத்தான் படிக்க வைத்தாள். கெம்பஸும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பதிவு. பிள்ளை ஒரு நாள் முன்னதாகவே கண்டிக்குப் போய்விட்டாள். தனியாக, அவசரமில்லாமல், அந்தப் பழைய ஊரைச் சும்மா நடந்து பார்க்க வேண்டும். அது பெரிய ஆசையா, சொல்லுங்கள்? அதைக்கூட நிம்மதியாக விடவில்லை.

காலையில் வாவிக் கரையில் உட்கார்ந்து வடைப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள்... பச்சைக் கொழுந்து வாசனை. கண்டி டவுனில் ஏது கொழுந்து? திரும்பினால் ஒரு பொம்பளை. கொழுந்து எடுக்கிறவர்கள் மாதிரி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடி, மலையிலிருந்து நேராக இறங்கி வந்த மாதிரி.

"எந்தத் தோட்டம் தாயி?"

நம்ம ஆட்கள் எங்கே பார்த்தாலும் கேட்பதுதானே. சொன்னாள்.

மணிக்கூண்டுப் பக்கம் பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சளக்... சளக்... ஈரக் கால் சத்தம். வெயில் கொளுத்துகிறது, ரோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எந்த டிவிசன் தாயி?"

வேண்டா வெறுப்பாகச் சொன்னாள். பஸ் ஏறிப் பேராதனைக்குப் போய்விட்டாள். லைப்ரரி வாசல். எத்தனை நாள் கனவு! படியில் கால் வைக்கிறாள்... அதே வாசனை.

"எந்த லயம்?"

சுகந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. பதில் சொல்லாமல் காவலாளியிடம் போனாள். இந்த அம்மா காலையிலிருந்து தொந்தரவு செய்கிறார் என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"கவ்த நங்கி?" என்றான். யாரைச் சொல்கிறாய் தங்கச்சி, என்று.

இவனும் ஒரு ஆளா என்று திட்டிக்கொண்டே வெளியே வந்து நடந்தாள். எங்கே போகிறோம் என்று பார்க்கவில்லை. கோபத்தில் யார்தான் வழி பார்க்கிறார்கள்?

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த ரோடு. குருவிச் சத்தம்கூட நின்றுவிட்டது. சளக்... சளக்...

"எந்த லயம் தாயி? எந்தக் காம்பிரா? வீட்ல யாரு இருக்கா?"

"கடைசி லயம், கடைசிக் காம்பிரா! அம்மா மட்டுந்தான் இருக்காங்க! போதுமா? போய்த் தொலைங்க!"

"நல்லா இரு தாயி."

திரும்பிப் பார்த்தால் ரோடு காலி. வாசனையும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த நேரம் போன் அடித்தது. அம்மா.

"யாருடி இது? நீதான் வழி சொன்னன்னு ஒரு பொம்பள வந்துருக்கு."

அங்கிருந்து நம்ம பக்கம் வர அரை நாள் போகும்.

"அம்மா, உள்ள விடாதீங்க! கதவச் சாத்துங்க!"

"உள்ளதான் இருக்கு. ஒம் பாயில படுத்துருச்சு. காலெல்லாம் ஈரம்..."

லைன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தாள். பதில் இல்லை. பதிவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பஸ் ஏறினாள்.

விடியும்போது லயத்துக்கு வந்து சேர்ந்தால், அம்மா வாசலில் நல்லபடியாக நிற்கிறாள். கையில் தேத்தண்ணி. அந்தப் பொம்பளையைக் காணோம். பாய் மட்டும் நனைந்து கிடந்தது. சுகந்தினி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பச்சைக் கொழுந்து வாசனை... கொழுந்து எடுக்கிறவள்தானே, இருக்கும்.

இலட்சுமி மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தத் தோட்டம் தாயி?"

கெம்பஸ் இடம் போய்விட்டது. நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அம்மாவை அப்படி விட்டுவிட்டு எங்கே போவாள்? இலட்சுமி இப்போதும் மலைக்குப் போகிறாள், கொழுந்து எடுக்கிறாள், சோறாக்குகிறாள். ராத்திரியானால் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். தோட்டம்... டிவிசன்... லயம்... காம்பிரா. சுகந்தினியும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்.

"வீட்ல யாரு இருக்கா?"

அதற்கு மட்டும் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.