பத்தாவது எழுத்து

— திங்கக்கிழமை ஊசி இல்லைன்னா என்னக்கா அர்த்தம்? பையெல்லாம் கட்டியாச்சு. அம்மா தெருவுல ஒரு வீடு விடாம சொல்லியாச்சு!

— கத்தாதடா. முதல்ல உக்காரு. டாக்டர்கிட்ட நிறுத்தச் சொன்னதே நான்தான்.

— நல்லா இருக்கு போ. இந்தக் கையப் பாரு. சட்டைப் பொத்தான் போடவே அரை மணி நேரம் ஆகுது. இதே நோயோட அப்பாவாவது நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் தள்ளினாரு.

— தெரியும்டா.

— என்னத்தத் தெரியும்? போன மாசம் இதே திரையிலதானே படம் காட்டுன? குட்டி ஆர்.என்.ஏ போய் ஒட்டும், கெட்ட ஜீன் அனுப்புற சேதிய வெட்டும், அது வாயடைச்சுப் போயிரும்னு. பசை போட்டாப்ல ஒட்டுச்சே!

— அது கம்ப்யூட்டர்ல நான் கட்டுன ஜீன். நேத்து உன்னோடத வெச்சு ஓட்டினேன்டா. மருந்து ஒட்டுற இடத்துல உனக்குப் பத்தாவது எழுத்து வேற. உன் கெட்ட ஜீன விட்டுட்டு, அம்மா குடுத்த நல்லதப் போய் வெட்டுது. ஊசி போட்டா நீ இன்னும் சீக்கிரம் போயிருவ.

— நேத்துதான் என்னோடத வெச்சே பாத்தியா? ரெண்டு வருஷமா இந்த ஆராய்ச்சி அறையில என்னதான்க்கா பண்ணின?

— ரெண்டுமே அப்பாகிட்டருந்து வந்ததுதானே, எழுத்து மாறாதுன்னு இருந்துட்டேன். உனக்கு வர்றப்ப அப்பாவோட ரெண்டு பிரதியும் கலந்து மாறியிருக்கு. சரிபாக்கல. என் புத்தி எங்க போச்சோ தெரியலடா.

— இரு, இரு. எது ரெண்டுமே? அப்பா போய் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவர் ரத்தம் உனக்கு ஏது? யாரோடத வெச்சுக் கட்டுன?

— தண்ணி குடிக்கிறியா?

— பேச்ச மாத்தாத. கெட்டது எனக்கு மட்டும்தான் வந்துச்சு. உனக்கு ஒண்ணுமில்லைன்னு அம்மா தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணினியேக்கா.

— உன் ரிப்போர்ட் வந்த அன்னிக்கே அவங்க பாதி செத்துட்டாங்க. என்னோடதையும் எந்த வாயால சொல்றது?

— அக்கா...

— உன் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே இத ஆரம்பிச்சேன்டா. எனக்காக. அப்புறம்தான் உனக்குன்னு மாத்தினேன்.

— அப்ப அந்த மருந்து உனக்கு?

— அளவெடுத்துத் தெச்ச மாதிரி. எனக்கு வேண்டாம்டா, சத்தியமா வேண்டாம். உனக்கு ஒண்ணும் இல்லாம நான் மட்டும்...

— வாய மூடு. அம்மாவுக்கு ஒரு புள்ளையாவது மிஞ்சணும். அந்தப் பையத் தொற. என் சட்டையெல்லாம் எடுத்துட்டு உன் துணிய வை.