டீக்கடைக்கு வந்த நாற்காலி

— என் நாற்காலி இங்க எதுக்கு மலரு? இது கூட்டம் நடக்குற பள்ளிக்கூடத்து வாசல்ல கெடக்க வேண்டியதுல்ல?

— ரஹ்மத் பாய் கடை பெஞ்சுதான் தெரியுமே மாமா, ஒரு பக்கம் ஒக்காந்தா மறுபக்கம் தூக்கும். உங்க இடுப்புக்கு ஆவாதுன்னு நானே தலையில வச்சுத் தூக்கியாந்தேன். ஒக்காருங்க. பாய், மாமாவுக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ, சீனி கம்மியா.

— கூட்டத்துக்கு நேரமாவல?

— சனம் இன்னும் சேரல மாமா. பருத்திக்காட்டுலேர்ந்து வரணும், மூஞ்சி கழுவணும். நீங்க வந்து ஒக்காராம நாம என்னிக்கி ஆரம்பிச்சிருக்கோம்?

— அது சரி. கொளஞ்சியப்பன் நாற்காலி காலியா கெடந்தா இந்த ஊருல ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். எங்கப்பன் இருந்தப்பவே அப்படித்தான்.

— அதான் மாமா. இன்னிக்கி கூட்டத்த நடத்துறத மகளிர் குழுவுல என் தலையில கட்டிட்டாங்க. அரியலூருக்குப் பயிற்சின்னு கூட்டிப்போயி ஒக்கார வச்சாங்கள்ல, அங்க சொல்லிக்குடுத்தது நம்ம ஊருக்கு சரிப்படுமான்னு உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்னு.

— என்னத்த சொல்லிக்குடுத்தாங்க?

— ஒரு கூட்டத்துக்கு ஒரே விஷயம்தானாம். பேசாதவங்கள மொதல்ல பேச வுடணுமாம். கடைசியில கை தூக்கணுமாம்.

— ஒரே விஷயம் பேசவா அம்புட்டு சனத்தக் கூட்டுறது? கேளு, கூட்டம்னா கோயில் மண்டபம் வரணும். ஏரி மதகு வரணும். யாரு வூட்டுச் செவுரு அதிகமா வெடிச்சிருக்குன்னு வரணும். ரெண்டு பேரு கோவிச்சுகிட்டு எந்திரிக்கணும், நாலு பேரு பின்னாடியே போயி இழுத்தாரணும். அதுக்குப் பேருதான் கூட்டம்.

— இதுக்கு முந்துன கூட்டமெல்லாம் அப்படித்தான மாமா கலைஞ்சுது.

— என்னாலங்கிறியா?

— ஐயோ, யாரு சொன்னா? நீங்க பேசலன்னா ஊரே ஊமை மாதிரில்ல இருக்கும். பாய், மசால் வடை சூடா இருந்தா ரெண்டு குடுங்க.

— வடைய வையி. எந்த விஷயத்தப் பேசப்போற, அதச் சொல்லு.

— பால்வாடி மாமா. மைன்ஸ்ல மத்தியானம் வெடி வைக்கிறப்பதான் புள்ளைங்க தூங்குது. அன்னிக்கி கூரையில காரை பேந்து வுழுந்துச்சே, எம் புள்ளைக்கும் உங்க பேத்திக்கும் நடுவுல ஒரு சாண் எடம் இருந்துச்சு. சரியா அதுல வுழுந்துச்சு.

— தெரியும்.

— பால்வாடிய வேற எடத்துக்கு மாத்துறவரைக்கும் வெடி வைக்கக் கூடாது. அது ஒண்ணுதான். ஊரு ஒரே வாயா சொன்னா நிறுத்துறேன்னுட்டாரு மைன்ஸ் ஆபீசரு. நம்மளால ஒரே வாயா சொல்ல முடியாதுங்கிற தைரியத்துலதான் சொன்னாரு.

— வெவரமான ஆளு.

— உங்க மவன் தமிழழகன்தான அவருகிட்ட சூப்பர்வைசரு. தம்பிகிட்ட நீங்க சொல்லி வுட்டிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்காது.

— அவன் காண்ட்ராக்ட்ல வேல பாக்குறவன். இன்னிக்கி வான்னா போவணும், நாளைக்கி வராதன்னா வூட்ல குந்தணும். ஊர்க்கூட்டத்துல அவங்கப்பன் என்ன பேசுனான்னு மறுநாளே அங்க கேப்பாங்க. அத வுடு. கூட்டத்த எப்படி ஆரம்பிப்ப?

— பின்னாடி ஒக்காந்திருக்குற பொம்பளைங்கள மொதல்ல பேசச் சொல்லணும்.

— அதுங்களா? முந்தானைய வாயில வச்சுகிட்டு சிரிக்கும்.

— வீரம்மாள் அத்தை பேசும் மாமா.

— வீரம்மாளா! அவ எம் புருசன் செத்தப்பன்னு ஆரம்பிச்சான்னா விடிஞ்சிரும்.

— அதுக்குத்தான் நம்ம குழுப் பொண்ணு வேணிகிட்ட ஒரு விசிலு குடுத்திருக்கேன். பேச்சு வேற பக்கம் போனா ஊதிருவா.

— கூட்டம் நடத்துறீங்களா, கபடி நடத்துறீங்களா? என்னையும் ஊதுவாளா?

— உங்கள ஊத அவளுக்கு மூச்சு பத்தாதுங்க.

— ஆங்... அது என்ன? இப்ப விசில் சத்தம் கேட்டுச்சே.

— மினிபஸ்ஸு மாமா. கண்டக்டரு ஊதுறான்.

— மினிபஸ்ஸு அப்பவே போயிருச்சே.

— இது திரும்புற பஸ்ஸு.

— திரும்புற பஸ்ஸா. இருக்கும், இருக்கும். டீய இன்னொண்ணு சொல்லு, இது ஆறிப்போச்சு.

— பாய், இன்னொரு டீ. மாமா, கை தூக்குறப்ப ஆம்பள, பொம்பள தனித்தனியா எண்ணலாமா, சேத்தே எண்ணலாமா?

— கேளு, தூக்குனவன எண்ணுறதுல ஒண்ணும் இல்ல. தூக்காதவன் மூஞ்சியப் பாக்கணும். அதுல இருக்கு சூச்சுமம்... ஏய், எவன்டா அது இந்த வேகத்துல போறான்! டீக்குள்ள ஒரு கரண்டி மண்ணு. யாரு ஜீப்பு அது?

— யாரோ கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருப்பாங்க.

— பின்னாடி குந்தியிருந்தது எங்க தமிழழகன் சாடையில்ல இருக்கு?

— இருக்காதுங்க மாமா.

— ஆமா. இருக்காது. நீ கேளு, வேற என்ன கேக்கணுமோ கேளு. நான் எங்கயும் போவல.

— அது வந்து மாமா... குறுக்க பேசுறவங்கள எப்படி அடக்குறது?

— அடக்க முடியாது. அவன் குறுக்க பேசுறான்னா அவனுக்கு ஒரு காரணம் இருக்கும். வாய அடக்கி என்ன புண்ணியம்? காரணத்த அடக்கணும். வடை நல்லாருக்குடா பாய்!

— அக்கா! மலரக்கா!

— வேணி, மெதுவா. மாமா இருக்காரு.

— இருக்கட்டும்க்கா, முடிஞ்சுருச்சு! வீரம்மாள் அத்தைதான் மொதல்ல பேசுச்சு. புருசன் கதைய எடுத்துச்சு, ஒரே ஊது, நேரா காரைக்கு வந்துருச்சு. அம்புட்டுப் பேரும் கைய தூக்கிட்டாங்க. ஆபீசரு வந்து எறங்குறதுக்குள்ள எண்ணி முடிச்சுட்டோம். பால்வாடிய மாத்துறவரைக்கும் வெடி இல்லன்னு சனத்துக்கு முன்னால நின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு!

— மாமா... கோவிச்சுக்காதீங்க. நாற்காலி அங்க காலியா கெடந்தா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்க வந்து ஒக்காந்தா கோயில் மண்டபத்துப் பேச்சுக்குப் போயிருவீங்க. புள்ளைங்க தலைக்கு மேல எப்ப வுழுமோன்னு கூரை நிக்கிது மாமா, எனக்கு வேற வழி தெரியல. என்ன வேணா திட்டுங்க.

— நீ இரு. வேணி, எம் மவன் ஜீப்புல வந்தானா?

— வந்தாருங்க தாத்தா. எங்கப்பா எங்கன்னு கேட்டாரு. ஆபீசரும் பக்கத்துலதான் நின்னாரு.

— நீ என்ன சொன்ன?

— அவருக்குத் தெரியாமத்தான் கூட்டம் போட்டோம்னேன். ஆபீசரு சிரிச்சுட்டாரு. தப்பா தாத்தா?

— மைன்ஸ்லேர்ந்து யாரு கேட்டாலும் அதையே சொல்லு. கேளு மலரு, நாற்காலி டீக்கடையில கெடக்குறதப் பாத்தப்பவே எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு. அடுத்த கூட்டத்துக்கும் இத இங்கனயே கொண்டாந்து போட்டுரு.